காப்பகத்தில் இருந்தபடியே குடியை விட முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 39 வயது. பெயின்டர். குடியால் குடும்பம் பிரிந்து, ஒரு வருடமாகச் சென்னை சென்ட்ரல் பக்கம் நடைபாதையில் கிடந்தான். இப்போது மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். பகலில் இன்னும் குடிக்கிறான். காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நடுங்குகிறது. "திங்கட்கிழமையிலிருந்து தொடமாட்டேன் அக்கா, இங்கேயே இருந்து விட்டுவிடுகிறேன்" என்கிறான். நடக்குமா? சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வாங்கித் தரலாமா, இல்லை வலுக்கட்டாயமாக ஏதாவது மையத்தில் சேர்க்கலாமா?

பதில்: காப்பகத்தில் இருந்துகொண்டு குடியை விட முடியும். ஆனால் திங்கட்கிழமை திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கைநடுக்கம்தான். உடல் மதுவுக்குப் பழகிப்போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது. இந்த நிலையில் ஒரேயடியாக நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் கூடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை சிலருக்கு மனக்குழப்பம் வரும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். காப்பகத்தில் இருக்கும் பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நள்ளிரவில் வலிப்பைச் சமாளிக்க அவரால் முடியாது.

அதனால் முதலில் மருத்துவமனை, அப்புறம் காப்பகம். சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குடிநோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க, குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். நீங்கள் கூடப் போனால் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தான், எத்தனை மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது ஏன் முக்கியம் என்றால், பட்டினியாகக் குடிப்பவர்களுக்குத் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகசக்தியே நிரந்தரமாகக் கெட்டுவிடும் ஆபத்து உண்டு. "தெம்புக்கு ஒரு பாட்டில் ஏற்றுங்க" என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

காப்பகத்தின் உண்மையான பயன் இதற்குப் பிறகுதான். உடலிலிருந்து மது இறங்கச் சில நாட்கள் போதும். குடிக்காமல் வாழப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும், நடைபாதையில் அது ஏறக்குறைய முடியாத காரியம். மாத்திரையை வைக்க இடமில்லை, தூக்கமில்லை, பக்கத்தில் படுத்திருப்பவரும் குடிப்பவர். காப்பகத்தில் படுக்கையும் சாப்பாடும் நிச்சயம். ஆதார், வங்கிக் கணக்கு என்று விட்டுப்போனவற்றை மீண்டும் எடுக்கவும் உதவுவார்கள். மதுவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார். அந்த மாத்திரையைப் பொறுப்பாளர் கையில் கொடுத்துத் தினமும் தரச் சொல்லலாம், தம்பி சம்மதித்தால்.

மருத்துவமனையில் சேர்க்கும் முன்பே பொறுப்பாளரிடம் பேசிவிடுங்கள். திரும்பி வரும்வரை அவன் இடம் இருக்குமா? ஒருநாள் தவறிக் குடித்துவிட்டு வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா, மருத்துவமனைக்கு அனுப்புவார்களா? தவறுவது இந்த நோயில் சகஜம். அன்று இரவு கதவு அடைக்கப்பட்டால் மறுபடி அதே நடைபாதைதான். இதை வெட்கப்படாமல் கேட்டு, முடிந்தால் ஒரு புரிதலுக்கு வாருங்கள்.

இன்னொன்று கூலி. பெயின்டிங் வேலையில் சாயங்காலம் கையில் காசு வரும். டாஸ்மாக் இரவு பத்து வரை திறந்திருக்கும். என் பார்வையில் ஒரு நாளில் மிக ஆபத்தான நேரம் அதுதான். மேஸ்திரியிடம் பேசி வாரக்கூலியாக வங்கியில் போடச் சொல்ல முடியுமா பாருங்கள். அந்தச் சாயங்கால நேரத்தில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் நடக்கிறது.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து கூடவே கூடாது. பெரும்பாலும் அது டைசல்பிராம். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் பிறகு மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து நீடிக்கும். தெரிந்தே, மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டுமே அந்த மருந்து.

வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போய் அடைக்கும் மையங்கள் பக்கமும் போகாதீர்கள். குடிநோயும் 2017 மனநலச் சட்டத்துக்குள் வருகிறது. சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா என்று கேளுங்கள், பதில் மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். உங்கள் தம்பியே விடுகிறேன் என்று சொல்லும்போது கட்டாயத்துக்கு என்ன வேலை?

நான்கு நாள் தெளிவாக இருந்ததும் வீட்டுக்கு அழைத்துவரத் தோன்றும். அவசரம் வேண்டாம். சில மாதம் அங்கேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். துணி, சாப்பாடு கொண்டுபோங்கள், கையில் காசு மட்டும் கொடுக்காதீர்கள். பழைய கணக்கைப் பேசுவதற்கு இப்போது நேரமில்லை.

சந்தேகம் வந்தால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. வலிப்போ குழப்பமோ வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108. இந்த மூன்று எண்ணையும் காப்பகப் பொறுப்பாளரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.