65 வயதுக்குப் பின் ஒப்பந்த நியமனம்: பீடச் சபை பரிந்துரைத்ததைப் பேரவை மறுக்கலாமா?

கேள்வி: கொழும்பிலுள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கடமையாற்றுகிறேன். இன்னும் இரண்டு மாதங்களில் எனக்கு 65 வயது பூர்த்தியாகிறது. துறையில் இரண்டு விரிவுரையாளர் பதவிகள் வெற்றிடமாக உள்ளன. கலாநிதிப் பட்ட ஆய்வாளர்கள் மூவர் என் மேற்பார்வையில் இருக்கிறார்கள். ஆகவே ஓய்வுக்குப் பின் ஒரு வருடத்துக்கு என்னை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்குமாறு பீடச் சபை ஏகமனதாகப் பரிந்துரைத்தது. மூதவையும் அதை ஏற்றுக்கொண்டது. பேரவை மறுத்துவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன் பதிவாளரிடமிருந்து வந்த கடிதத்தில் "தங்கள் விண்ணப்பத்துக்குப் பேரவை இணங்கவில்லை என அறியத்தருகிறேன்" என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. அதே கூட்டத்தில் வேறொரு பீடத்தைச் சேர்ந்த பேராசிரியருக்கு அத்தகைய நியமனம் வழங்கப்பட்டிருக்கிறது. துறைத் தலைவர் பதவிக் காலத்தில் எனக்கு இன்னும் 14 மாதங்கள் மிகுதியாக உள்ளன. கடந்த வருடம் துணைவேந்தரே பீடச் சபையில் ஒப்பந்த நியமனம் தரப்படும் என்று சொன்னார். மூதவையின் தீர்மானத்தைப் பேரவை மீறலாமா? நான் நீதிமன்றம் செல்லலாமா?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னை உடனடியாகக் கவலைக்குள்ளாக்கிய விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவாளரின் கடிதம் கிடைத்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். துணைவேந்தருக்கு மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிவிட்டு அதன் பதிலுக்காகக் காத்திருப்பதால் இந்தக் காலம் நின்றுவிடாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது; விசாரணை உண்மையாகவே நடைபெறுவதற்குச் சான்று வேண்டும் என உயர் நீதிமன்றம் வலியுறுத்தியுள்ள தீர்ப்புகள் உள்ளன. ஆகவே இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தித்து, மனுவையும் சத்தியக்கடதாசியையும் தயார் செய்யத் தொடங்குங்கள்.

இனி உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நிரந்தர ஆசிரியர் ஒருவர் 65 வயது பூர்த்தியாகும் வரையே பதவி வகிக்கலாம். இது பாராளுமன்றம் வகுத்த எல்லை. பேரவையோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ ஒரு தீர்மானத்தாலோ சுற்றறிக்கையாலோ அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அரச ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டபோது பல விரிவுரையாளர்கள் பதறிப்போய் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கும் இதையே சொன்னேன். உங்களை 65 வரை காத்து நின்ற அதே சட்டம்தான் 65இல் உங்கள் நிரந்தரப் பதவியை முடித்தும் வைக்கிறது. ஓய்வின் பின் வழங்கப்படும் ஒப்பந்தம் பழைய பதவியின் நீட்சி அன்று, புதிய நியமனம். அதைக் கோரும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் கோரிக்கை சட்டப்படியும் நேர்மையாகவும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது நிச்சயமாக உங்கள் உரிமை. வழக்கு முழுவதையும் அந்த இரண்டாவது உரிமையின் மேலேயே கட்ட வேண்டும். முதலாவதைக் கோரி மனு எழுதினால் முதல் தவணையிலேயே தடுமாறுவீர்கள்.

மூதவையைப் பேரவை மீறலாமா என்பதற்கு விடை, ஆம். பல்கலைக்கழகத்தின் ஆளுகைக்கும் நிருவாகத்துக்கும் பொறுப்பான அதிகார பீடம் பேரவை. கல்விசார் அதிகாரம் மூதவையினுடையது. பீடச் சபைக்குச் சில விடயங்களில் தானே முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. பீடாதிபதியை மூன்று வருடங்களுக்குத் தெரிவு செய்வது அதுதான், அங்கே அதன் வாக்கே இறுதி. ஆளணி நியமனத்தில் அதன் தீர்மானம் பரிந்துரை மட்டுமே. உங்கள் பீடச் சபையின் கூட்டக் குறிப்பிலும் "பரிந்துரைக்கப்பட்டது" என்றுதான் பதியப்பட்டிருக்கும். ஒரு துறையில் யார் கற்பிக்க வேண்டும் என்பதை அத்துறையோடு வாழ்பவர்களே நன்கு அறிவார்கள் என்பது என் உறுதியான கருத்து. இருந்தும் நியமன அதிகாரத்தைச் சட்டம் பேரவையிடம் ஒப்படைத்திருக்கிறது. இளம் விரிவுரையாளர்களின் பதவி உயர்வு, சம்பளச் செலவு ஆகியவற்றையும் பேரவை எடைபோடலாம்.

எடைபோட்டதா என்பதே இங்கு கேள்வி. பேராசிரியர்களைக் கொண்ட இரண்டு சபைகள் வெற்றிடங்களையும் ஆய்வு மாணவர்களையும் சுட்டிக்காட்டிப் பரிந்துரைத்த ஒரு விடயத்தை, காரணம் எதுவும் கூறாமல் ஒரு வரியில் மறுப்பதும், அதே நாளில் அதே நிலையிலுள்ள இன்னொருவருக்கு வழங்குவதும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் விளக்கம் கோரத்தக்க செயல்கள். ஆனால் மற்றவரின் நிலையும் உங்கள் நிலையும் ஒன்றுதானா என்பதை நீங்களே முதலில் கண்டறிய வேண்டும். அவருடைய துறையில் ஐந்து வெற்றிடங்கள் இருந்திருக்கலாம். அவர் மட்டுமே கற்பிக்கக்கூடிய ஒரு பாடநெறி நடந்துகொண்டிருக்கலாம். அத்துடன், அவருக்கு வழங்கப்பட்டதே விதிமுறைக்குப் புறம்பானதாக இருந்தால், அந்தத் தவறு எனக்கும் செய்யப்பட வேண்டும் என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. சமத்துவம் என்பது சட்டப்படி கிடைக்க வேண்டியவற்றில் சமத்துவம் மட்டுமே.

துணைவேந்தரின் வாக்குறுதியைப் பொறுத்தவரை, நியாயமான எதிர்பார்ப்பு என்ற கோட்பாட்டை எமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அதற்கு வாக்குறுதி தெளிவாக இருக்க வேண்டும். அதைத் தரும் அதிகாரமுள்ளவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். நியமன அதிகாரம் பேரவைக்குரியது என்பதால் துணைவேந்தரின் சொல் மட்டும் உங்களைக் கரை சேர்க்காது. ஆயினும் அது கூட்டக் குறிப்பில் பதிவாகி, அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்டிருந்தால், மற்ற ஆவணங்களோடு சேர்த்து வைக்கத்தக்க சான்றாகும். வாய்ச்சொல்லாக மட்டும் நின்றிருந்தால் மனுவில் அதற்கு ஒரு பந்திக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

துறைத் தலைவர் பதவியின் மிகுதி 14 மாதங்களை விட்டுவிடுங்கள். மூன்று வருடங்கள் என்ற காலம், நீங்கள் ஆசிரியராக இருக்கும் வரைக்குமே பொருந்தும். தாய்ப்பதவி முடிந்தால் தலைமையும் முடியும்.

எந்த மன்றம் என்ற கேள்விக்கு மூன்று வழிகள் உள்ளன. நியமனம், பதவி உயர்வு தொடர்பான குறைகளைக் கேட்பதற்கென்றே பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபையை நிறுவியிருக்கிறது. அடுத்தது 140ஆம் உறுப்புரையின் கீழ், பேரவையின் தீர்மானத்தை நீக்கி மீள்பரிசீலிக்குமாறு கட்டளையிடும் எழுத்தாணைகளைக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்வது. இதற்குக் குறித்த காலவரையறை இல்லை, எனினும் தாமதித்து வருபவரை அந்நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பிவிடலாம், சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்கு ஏன் செல்லவில்லை என்றும் கேட்கலாம். மூன்றாவது, மேலே சொன்ன அடிப்படை உரிமை மனு. உங்கள் முறைப்பாட்டின் சாரம் பாரபட்சம் என்பதாலும், உங்கள் ஓய்வுக்கு இரண்டே மாதங்கள் இருப்பதாலும், புதுக்கடைக்கு நேரே சென்று உயர் நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்வதையே நான் தெரிவு செய்வேன். இங்கு வெற்றி என்பது பெரும்பாலும் மீள்பரிசீலனைக் கட்டளையாகவே அமையும் என்பதையும் இப்போதே மனதில் கொள்ளுங்கள். நீதிமன்றம் பேரவையின் இடத்தில் அமர்ந்து உங்களுக்கு நியமனக் கடிதம் எழுதித் தராது.

ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பேரவைக் கூட்டக் குறிப்பில் இரு விண்ணப்பங்களையும் பற்றிய பகுதிகள், அவற்றுக்கு முன்வைக்கப்பட்ட பேரவைப் பத்திரங்கள், உங்கள் துறையினதும் மற்றவரின் துறையினதும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி விபரம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா என்று தீர்மானிக்கவே அவருக்கு 14 வேலை நாட்கள் உண்டு; ஆகவே அந்தப் பதிலை எதிர்பார்த்து மனுவைத் தாமதிக்க வேண்டாம். இருக்கும் கடிதங்களோடு மனுவைத் தாக்கல் செய்து, மிகுதி ஆவணங்களைச் சமர்ப்பிக்குமாறு பேரவைக்குக் கட்டளையிட வேண்டும் என்று நீதிமன்றத்திடமே கோரலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் வயதில் பலர் ஏமாந்துபோகும் ஒரு விடயமும் உண்டு. வழக்குத் தொடுத்தால் பணிக்கொடை நிறுத்தப்படும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, பூர்த்தியான ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் இறுதியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் அரைவாசி உங்களுக்குரியது. 30 வருடச் சேவைக்கு 15 மாதச் சம்பளம். சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும், தாமதித்தால் 10 வீதம் தொடக்கம் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். மோசடி, நிதிக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காகச் சேவை நீக்கப்பட்டவர்களே அதை இழக்க நேரிடும். ஆயினும் நூலகப் புத்தகங்கள், ஆய்வு நிதியில் வாங்கிய மடிக்கணினி, துறை அலுமாரிச் சாவி ஆகியவற்றை இப்போதே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைத் திகதியுடன் வாங்கிப் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.