மைட்டோகாண்ட்ரியா பழுதானால் மூளையும் இதயமும் ஏன் முதலில் பாதிக்கப்படுகின்றன?

உணவுச் சத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் நுண்ணிய உறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் எரிவாயு குறைந்தால் பழச்சாற்றுக் கடை அதுபாட்டுக்கு நடக்கும். புரோட்டாக் கல்தான் முதலில் ஆறும். அப்படித்தான், சக்தியை அதிகம் செலவழிக்கும் மூளையும் இதயமும் தசையும் முதலில் தளர்கின்றன.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்களோடு. ஏனென்றால் 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இது தனித்து வாழ்ந்த பாக்டீரியா. இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் அங்கேயே தங்கிவிட்டது. 1967இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. உயிரியலில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி இதுதான்.

அந்த டிஎன்ஏ தாய்வழி வருவதால், மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே அம்மாவிடமிருந்துதான் வந்தது என்பார்கள், அது தவறு. மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கான மரபணுக்கள் உயிரணுவின் உட்கருவில் இருக்கின்றன, அவை அப்பாவிடமிருந்தும் வருகின்றன.