இடது பக்கப் புகைக்கு எஞ்சினையே இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1971 மாடல் ஹோண்டா சிபி350 இருக்கிறது, இரட்டை சிலிண்டர். 12 வருடம் ஓடாமல் நின்ற வண்டி. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, இரண்டு வாரமாக ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இடது சைலென்சரில் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் குறைகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) வலது 160, இடது 115 பிஎஸ்ஐ. மெக்கானிக், “எஞ்சினை இறக்கி ரீபோர் அடித்து (சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைந்து), பிஸ்டன், கேம், கிராங்க் பேரிங் எல்லாம் மாற்றணும்” என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கம்ப்ளீட் கிட் வரவழைத்துத் தருவாராம், முன்பணம் கேட்கிறார். பிரித்தால் திரும்பச் சேருமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எஞ்சினை இறக்க இன்னும் ஒரு காரணமும் இல்லை. வண்டியை எந்த ஸ்டாண்டில் நிறுத்துகிறீர்கள்? சைடு ஸ்டாண்ட் என்றால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும். ஹெட்டில், அதாவது சிலிண்டருக்கு மேலுள்ள வால்வுப் பகுதியில், தங்கிய எண்ணெய் இரவு முழுக்க இடது வால்வு கைடுகள் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்கள்) பக்கம் கூடி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். காலையில் அதுதான் புகை. மூன்று நாள் நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். புகை பாதியாகக் குறைந்தால் கோளாறு கைடு அல்லது அதன் சீலில் இருக்கிறது. அதற்கு ஹெட்டைப் பார்த்தால் போதும், அடியில் சுழலும் கிராங்க்கைத் தொட வேண்டியதில்லை. த்ராட்டிலை முறுக்கும்போதெல்லாம் புகைத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம் சந்தேகப்படலாம். நீங்கள் சொல்வது அப்படி இல்லை.

அடுத்தது அந்த 115. கம்ப்ரஷன் எடுக்கும்போது எஞ்சின் சூடாக இருந்ததா, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்தீர்களா, வால்வு இடைவெளியை முதலில் சரிபார்த்தீர்களா? இந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. இடைவெளியே இல்லாமல் இறுகிப்போன வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் அங்கேயே கசிந்துவிடும். இதில் வால்வை அழுத்தும் ராக்கரின் ஷாஃப்டைத் திருப்பித்தான் இடைவெளி வைக்க வேண்டும், ஷாஃப்ட் ஒருபக்கம் தள்ளிக் கடைந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி, ஷாஃப்டை மயிரிழை திருப்பி, நட்டை இறுக்கி, மறுபடி கேஜைச் செருகிப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட் கூடவே நகர்ந்துவிடும், இறுக்கிய பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

அதன் பிறகும் இடது பக்கம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். நன்றாக ஏறினால் ரிங், அசையாமல் நின்றால் வால்வு. ரிங் என்றாலும் உடனே பிரிக்க வேண்டாம். 12 வருடம் நின்ற வண்டியில் ரிங் தேய்வதைவிட, பழைய எண்ணெய்ப் பிசினில் காடிக்குள் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சம அளவு கலந்து, சிலிண்டருக்குச் சில ஸ்பூன் விட்டு, பிளக்கைத் தளர்வாக மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதித்து எல்லாவற்றையும் வெளியேற்றி, எஞ்சின் ஆயிலை மாற்றி, 400, 500 கி.மீ. மிதமாக ஓட்டுங்கள். அப்புறம் அளவெடுங்கள். இரண்டு வாரத்தில் தீர்ப்பு எழுதும் அவசரம் உங்களுக்கு இல்லை, கிட் விற்கிறவருக்குத்தான் இருக்கிறது.

எஞ்சினை நிஜமாகவே பிளக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு, அதை விரிவாகவே சொல்கிறேன். சிபி350-ல் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது பக்க கவரில் ஒரு சின்ன வட்ட மூடி இருக்கும், அதற்குள் கிராங்க் நுனியில் சுழலும் கிண்ணம்தான் ஃபில்டர். அழுக்கு சுழற்சியில் வெளிச்சுவரில் போய் அப்பிக்கொள்ளும். பல வண்டிகளில் அதை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். மூடியைக் கழற்றி, கிளிப்பை எடுத்து, உள்ளே இருக்கும் சேற்றை வெள்ளைத் துணியில் தேயுங்கள். கறுப்புச் சேறு மட்டும் என்றால் துடைத்து மூடுங்கள். வெள்ளி போல மின்னுகிறதா? காந்தத்தை வையுங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு அலுமினியம். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குத் தனி பேரிங் இல்லை, இரு நுனியும் அலுமினிய மூடிக்குள் நேரடியாகச் சுழல்கிறது, எண்ணெய் குறைந்தால் முதலில் அரிபடுவது அதுதான். அந்த மூடிகளைக் கழற்றி விரல் நகத்தால் வருடுங்கள், நகம் தட்டினால் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் மெல்லிய ரோமம் போல ஒட்டினால் வழக்கமான தேய்மானம்தான். ஆனால் மீன் செதில் மாதிரி தகடு தகடாக ஒட்டினால் கிராங்க் ரோலர் அல்லது கியர் போகிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் கேஸைப் பிளக்க வேண்டும். இந்த கிராங்க் பல துண்டுகளை அழுத்திக் கோத்தது. சுத்தியலும் வைஸும் வைத்திருக்கிற யாரிடமும் இதைக் கொடுக்காதீர்கள், கோத்த பிறகு நேராகச் சுழல்கிறதா என்று டயல் கேஜில் சுற்றிக் காட்டுகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

இனி ரீபோர். சிலிண்டர் புதிதில் 64 மி.மீ. ஏறக்குறைய 64.1-ஐத் தாண்டினால்தான் ரீபோர் என்ற பேச்சே வரும். மேலே, நடுவே, கீழே, ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் என ஆறு அளவெடுத்துக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவர் அளக்கவில்லை. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாக வந்தது. “0.25 கிடைக்காது சார், நேரா 1.00 போயிடலாம்” என்பார்கள். அவர்களிடம் கிடப்பது 1.00, அதற்காக உங்கள் சிலிண்டரின் மிச்ச ஆயுளை ஒரே மூச்சில் சீவித் தள்ளுவார்கள்.

இன்னொன்று: பிஸ்டன் கையில் வராமல் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்ற துளையைத்தான் அடிக்க வேண்டும். “பிஸ்டன் வந்துட்டே இருக்கு” என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் ஒரு சிலிண்டரை முதலில் அடித்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து வந்த பிஸ்டன் இரண்டும் இரண்டு அளவு. அந்த சிலிண்டர் இன்றும் என் மேஜையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

கிட் விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது விற்கிறவர்மேல் மட்டும் இல்லை. கம்பெனி கையேடு பக்கத்துக்குப் பக்கம் “வரம்பைத் தாண்டினால் மாற்றவும்” என்கிறது. எதை மாற்றுவது? பார்ட்ஸ் பட்டியலில் அதே பாகத்துக்கு நேராக “உற்பத்தி நிறுத்தப்பட்டது”. ஓர் எண்ணைக் கேட்டால் அது வேறொரு எண்ணாக மாறிவிட்டது என்பார்கள், அந்த எண்ணைத் தேடினால் அதுவும் நின்றுபோயிருக்கும். இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

போதாக்குறைக்கு சிபி350 என்ற பெயரே ஒரு பொறி. 1968-ல் வந்த உங்கள் இரட்டை சிலிண்டர் ஒன்று, 1972-ல் வந்த நாலு சிலிண்டர் சிபி350எஃப் ஒன்று, 2020-ல் வந்த ஒற்றை சிலிண்டர் ஒன்று. ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றுக்குச் சேராது. பழைய ஹோண்டா பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் பாகம் என்ன என்பதைச் சொல்லும், பிஸ்டன் என்றால் 13101. நடு மூன்று இலக்கம் எந்த மாடலுக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். உங்களுடையது 286, நாலு சிலிண்டருக்கு 333. கிட் படத்தை அனுப்பச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு பாகத்தின் எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அத்தோடு காணாமல் போவார்கள். “பழைய ஸ்டாக், பிரிக்காத பெட்டி” என்றால் பெட்டியைப் பார்த்து மயங்காமல் பிஸ்டன் தலையில் பொறித்த அளவைப் பாருங்கள். பெட்டியை யார் வேண்டுமானாலும் பாதுகாத்து வைத்திருக்கலாம்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, திரும்பச் சேரும். முதல் ஆபத்து ஸ்க்ரூவில்தான். கவரில் இருப்பது கூட்டல் குறி போலத் தெரிந்தாலும் அது ஜப்பானிய ஜேஐஎஸ் வகை, தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனையும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டுக்குக் கேட்ட முன்பணத்தில் இது தூசு.

புது கேஸ்கெட்டைப் பழையதன்மேல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளைகளை ஒப்பிடுங்கள். எண்ணெய் போகும் துளை ஒன்று அடைபட்டால் கேம் சீக்கிரமே போய்விடும். பிஸ்டனில் “ஐஎன்” குறி இன்டேக் பக்கம், ரிங்கில் எழுத்து மேல்பக்கம். டார்க் (நட்டை இறுக்கும் விசை) அளவைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள், பழைய ஜப்பானியக் கையேடுகளில் கிலோகிராம்-மீட்டரும் கிலோகிராம்-சென்டிமீட்டரும் கலந்து வரும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன்-மீட்டர்.

பூட்டி முடித்ததும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். பிளக் இரண்டையும் கழற்றிவிட்டு, வால்வு மூடியைத் திறந்து வைத்து, ராக்கர் பக்கம் எண்ணெய் ஈரம் தெரியும்வரை கிக்கரை மிதியுங்கள். கால் வலிக்கும். எண்ணெய் தெரிந்த பிறகு பிளக்கை மாட்டுங்கள்.