யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வன்னியைச் சுற்றி வர முடியுமா? எந்தப் பாதை நல்லது, எந்தெந்தப் போர் நினைவிடங்களைப் பார்க்கலாம்?

முடியும். மூன்று நாள் போதும். நான் 2023 பெப்ரவரியில் முதல் தடவை போனேன், அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டேன்.

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் வாசித்தேன். குளங்கள், காடு, யுத்தம் நடந்த இடங்கள் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும், தனியாகப் போவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வளர்ந்தவர், கியர் சைக்கிள் வைத்திருப்பவர், விடுமுறைக்கு வருகிறவர் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். ஆனால் "எந்தெந்த நினைவிடங்களைப் பார்க்கலாம்" என்ற அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

முதலில் பாதை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாக சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன். அங்கே இடது பக்கம் திரும்பி ஏ35இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு. இது 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே நாளில் கஷ்டம் என்றால் கிளிநொச்சியில் ஒரு இரவு தங்கி நான்கு நாளாக்குங்கள். இரண்டாம் நாள் முல்லைத்தீவிலிருந்து முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், அதனால் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போய்வர நேரம் கிடைக்கும். மூன்றாம் நாள் மாங்குளத்திலிருந்து இரணைமடுக் குளம், கிளிநொச்சி, பரந்தன், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், வீடு. போன பாதையால் திரும்பி வர வேண்டாம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு இந்தச் சுற்று இலகுவாகிவிட்டது.

நிலம் தட்டை, கியர் தேவையில்லை. நான் ஓடுவது சாதாரண லுமாலா சைக்கிள். வன்னியில் எந்தச் சந்திக் கடையிலும் 28 அங்குல ரயரும் ரியூபும் கிடைக்கும். உங்கள் மெல்லிய ரயருக்கும் அந்த ஒல்லி வால்வுக்கும் அங்கே பம்ப் கூடக் கிடைக்காது, ஆகவே எல்லாம் கொண்டு போங்கள். அங்கே எதிரி மேடு இல்லை, காற்றும் வெயிலும்தான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு, ஆனி ஆடியில் போனால் ஆனையிறவில் வலப்பக்கக் காற்று உங்களை ரோட்டுக் கரைக்கு வெளியே தள்ளும், பரந்தனிலிருந்து பூநகரி வரைக்கும் நெஞ்சுக்கு நேரே அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தை கடைசியிலிருந்து மாசி முடியும் வரைதான் நல்ல காலம். குளங்கள் நிரம்பியிருக்கும், காலபோக நெல் பழுத்திருக்கும், ஆனையிறவுக் கடல்நீரேரியில் பூநாரைகள் நிற்கும். காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, பத்தரைக்கு எங்காவது நிழலில் ஒதுங்கிவிடுங்கள். ஏ35இல் நீண்ட தூரத்துக்கு நிழலே இல்லை. தண்ணீர் மூன்று லீற்றருக்குக் குறையக் கூடாது.

பாதுகாப்பு என்றால் மூன்று விஷயம். ஒன்று, பளைக்கு முன்னால் வரும் முகமாலைப் பக்கம் ஒதுங்கப் போகிறேன் என்று ரோட்டை விட்டு உள்ளே இறங்கவே வேண்டாம். வருடக்கணக்காக முன்னரங்காக இருந்த இடம், நாட்டிலேயே மோசமான கண்ணிவெடி வயல்களில் ஒன்று, துப்புரவு செய்து மாளவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் படமெடுக்கக் கூட அருகில் போகாதீர்கள். இரண்டு, ஒட்டுசுட்டான் மாங்குளம் காட்டுப் பாதையில் யானை. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் அந்த ரோட்டில் நிற்காதீர்கள். மூன்று, மணல் ஏற்றும் டிப்பர்கள். யானையை விட எனக்கு அதற்குத்தான் பயம். ஹோர்ன் கேட்டவுடன் கிறவலில் இறங்கிவிடுவேன்.

இனி நினைவிடங்கள் பற்றிய அந்த வரிக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை. அப்பாவின் ராலே சைக்கிளில் கரியரில் அரிசி மூட்டை, பாரில் அம்மம்மாவின் உடுப்புப் பெட்டி, ஹாண்டிலில் இரண்டு பக்கமும் பைகள். ஏறி ஓட முடியாது, உருட்டத்தான் முடியும். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை எடுத்தது. எனக்கு முன்னால் போன சைக்கிளின் மட்காட்டில் பூசியிருந்த வெள்ளைப் பெயின்ற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இன்றைக்கும் அந்த இரவு என்றால் அந்த வெள்ளைதான் கண்ணுக்குள் வரும். அடுத்த வருடத் தொடக்கத்தில் கடல்நீரேரிக் கரையான கிளாலியிலிருந்து வள்ளத்தில் வன்னிக்குப் போனோம். சைக்கிளுக்கும் தனிக் காசு. அப்பா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

2002இல் ஏ9 திறக்கும் வரை ஆறு வருடம் கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில் இருந்தோம். அந்த ராலேதான் எங்களுக்கு எல்லாமும். விறகு, தண்ணீர், ஆஸ்பத்திரி. பற்றரி கிடைக்காத காலத்தில் இரவில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, நான் பெடலைக் கையால் சுற்ற, ஊரே சுற்றி நின்று பி.பி.சி. தமிழோசை கேட்கும். வேகமாகச் சுற்றினால் ரேடியோ எரிந்துவிடும், மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்துவிடும். செய்தி முடியும் வரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு வன்னி என்பது முதலில் குளமும் காடும் அங்கே எங்களுக்கு இடம் கொடுத்த சனமும்தான். பாலைப்பழக் காலத்தில் வாயெல்லாம் பால் ஒட்டத் தின்றது, குளக்கட்டு மருத மரத்தடியில் படித்தது, குளம் நிரம்பி வான் பாயும் சத்தத்தில் நித்திரை கொண்டது. பிறகு 2009 வந்தது. சிலர் இதைக் கேட்பார்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன்: அந்த மாதங்களில் நான் அங்கே இல்லை. 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை பூட்டப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் அடைபட்டிருந்தேன். எங்களுக்கு அரிசியும் மாங்காயும் தந்த அக்கராயன் குடும்பங்கள்தான் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் முள்ளிவாய்க்கால் கடற்கரை மண்ணில் போய் நின்றன. எல்லோரும் திரும்பி வரவில்லை. ஆகவே முள்ளிவாய்க்காலைப் பற்றி நான் வகுப்பெடுக்கவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. அங்கே போய்த் தலைகுனிந்து நின்ற ஒருவன் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நினைவிடங்கள் என்று பார்த்தால் ஆனையிறவில் 1991 சண்டையில் அழிந்த கவசமிட்ட புல்டோசரை இராணுவம் வைத்திருக்கிறது, ரோட்டோரம்தான், பஸ்களில் வந்து இறங்கிப் படமெடுக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் மே 18 நினைவேந்தல் நடக்கும் முற்றம் இருக்கிறது. மற்ற நாட்களில் அங்கே காற்று மட்டும்தான். வட்டுவாகல் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து போங்கள். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். 2009 மே நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் நடந்து கடந்த ஒடுங்கிய பாலம் அது. அதற்கு மேல் பட்டியல் போட எனக்கு மனமில்லை. காரணம் சொல்கிறேன்.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள், ஒட்டுசுட்டானைத் தாண்டிப் பின் சில்லு காற்றுப் போய்விட்டது. விடத்தல் முள். உருட்டிக்கொண்டே போனால் ஒரு பாலை மரத்தடியில் தகரக் கொட்டில், வாசலில் பழைய ரயர்கள் தொங்குகின்றன. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"எங்கயிருந்து வாறியள்?"

"யாழ்ப்பாணம் அண்ணை."

"சைக்கிளிலயோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சில்லைக் கழற்றத் தொடங்கினார். ரியூபைத் தண்ணீர் பேசினுக்குள் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மண்கடதாசியை எடுத்து உரஞ்சினார். சொலூசன் பூசி, காயும் வரை ஊதிக்கொண்டே கதைத்தார். நெல் விலை, பசளை விலை, முதல் நாள் இரவு யானை இரண்டு தென்னையைச் சாய்த்த கதை. எனக்கு அவரோடு கதைக்க நிறைய இருந்தது, நானும் வன்னியில் வளர்ந்தவன் என்று சொல்லியிருக்கலாம், டைனமோ ரேடியோக் கதையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்டது என்ன தெரியுமா? "கால் எப்ப அண்ணை போனது?"

அவர் நிமிரவில்லை. ரியூபில் ஒட்டுப் போட்டு, சுத்தியல் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, "இந்த ஒட்டு இனிப் போகாது" என்றார். அதற்குப் பிறகு கதையில்லை. காசும் வாங்கவில்லை. மாங்குளம் வரை அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அவருக்குக் கடை இருக்கிறது, தொழில் இருக்கிறது, அன்றைக்கு யானைக் கவலை இருக்கிறது. நான் அவரையே ஒரு நினைவிடம் போலப் பார்த்துவிட்டேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வான் வண்டியில் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு போகிறவனுக்கு யாரிடமும் தண்ணீர் கேட்க வேண்டிய தேவை வராது. சைக்கிளில் போகிறவன் கட்டாயம் ஒரு படலையைத் தட்டியே ஆக வேண்டும். தட்டினால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். யுத்தத்தைப் பற்றி அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். சொல்லாவிட்டால் நெல்லைப் பற்றிக் கேளுங்கள்.

இரணைமடுக் கட்டில் நின்றால் யாராவது ஒரு விவசாயி கட்டாயம் கதைக்க வருவார். யாழ்ப்பாணம் என்று சொன்னவுடன் தண்ணீர்க் கதை வரும். இந்தக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகும் திட்டத்துக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்புக்குப் பிறகுதான் கடலோரத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் இந்தக் கட்டை நம்பி இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் எங்களுக்கு அது குடிதண்ணீர், அவர்களுக்கு அது வயல். வாதாட வேண்டாம். கனகராயன் ஆறு இங்கே தங்கி, மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது என்பதை எனக்குக் கையை நீட்டிக் காட்டித் தந்தவரும் அப்படி வந்த ஒரு ஐயாதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சைக்கிள் பற்றி எழுதத் தொடங்கினால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. இப்போது யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி, கோப்பிக் கடை என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு பழைய ராலேயோ ஹம்பரோ நிற்கிறது. பளிச்சென்று மஞ்சள் பெயின்ற் அடித்து, கரியரில் பூச்சாடி வைத்து, செயினைக் கழற்றிச் சுவரில் ஆணி அடித்துக் கட்டியிருக்கிறார்கள். அப்பாவின் சைக்கிளும் அப்படித்தான் போனது. நான் வேலைக்காக வெளியூரில் இருந்த நேரம், "துருப்பிடிச்சுக் கிடக்குது" என்று உறவினர் ஒருவர் விற்றுவிட்டார். 2022இல் பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது, சைக்கிள் விலை ஏறி ஒரு பழைய சைக்கிளுக்கே நாயாய் அலைந்தபோது, எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. இடப்பெயர்வில் ஒரு குடும்பத்தைச் சுமந்த வண்டியைப் பூச்சாடித் தாங்கியாக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அழகுக்கு வைக்கிறோம் என்பார்கள். ஓடக்கூடிய சைக்கிளை ஓட விடுங்கள். ஓட ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் நான் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பெட்டி ஒட்டும் நாலு சொலூசன் ரியூபும் கொண்டு போய்க் கொடுத்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அக்கராயனில வளந்தனான் அண்ணை" என்று இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன். டைனமோவில் ரேடியோ கேட்ட கதை வந்ததும் எழும்பி உள்ளே போய், துணியில் சுற்றிய, மில்லர் என்ற பெயருள்ள ஒரு பழைய டைனமோவைக் கொண்டு வந்து காட்டினார். உள்ளே காந்தம் உடைந்துவிட்டது. இரவில் குளக்கட்டால் வீட்டுக்குப் போகும்போது சார்ஜ் லைற் பாதி வழியில் நூந்து போகுதாம், யானை நிற்கும் இடமாம், டைனமோ என்றால் சில்லு சுத்தும் மட்டும் வெளிச்சம் இருக்கும் என்றார்.

இரண்டு வருடமாகத் தேடுகிறேன், வேலை செய்கிற மில்லர் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. உங்களிடமோ, இதை வாசிக்கிற வேறு யாரிடமோ வீட்டுக் கோடியில் கிடந்தால் கீழே எழுதுங்கள், விலை எதுவானாலும் வந்து வாங்குகிறேன். வருகிற மாசியில் நான் அந்தப் பக்கம் போகிறேன்.