டெக்சாஸ் கதவுப் பலகைகள்: கைத்துப்பாக்கி உரிமக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

(உரிம வகுப்பு எடுப்பவன் நான், வக்கீல் இல்லை. டெக்சாஸ் சட்டம் பற்றி மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.)

பிளேனோ: கடைக் கதவில் 30.06, 30.07 என்று இரண்டு பலகை. என்ன வித்தியாசம்?

இரண்டும் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். 30.06, துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்திருக்கும் உரிமக்காரருக்குத் தடை. 30.07, உறையில் வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. வெளிப்படையாகச் சுமக்க 2016 ஜனவரியில் அனுமதி வந்தபோது சேர்ந்தது இது. 30.07 மட்டும் இருந்தால் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போகலாம்.

வாசகம் சட்டத்தில் உள்ளபடியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும். அதனால்தான் அது பாதிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தானியங்கிக் கதவு திறந்ததும் இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் பலகைகளும் உண்டு. அது செல்லுமா என்று வாசலில் நின்று வாதாடாதீர்கள்.

இர்விங்: துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு மட்டும் இருந்தால்?

அது 30.06 பலகை ஆகாது, உரிமக்காரரைக் கட்டுப்படுத்தாது. உரிமம் இல்லாமல் சுமப்பவர்களுக்கு (2021 செப்டம்பர் முதல் அதற்கும் வழி உண்டு) 30.05 என்ற வேறு பிரிவு. அவர்கள் அந்தப் படத்தோடு விளையாட வேண்டாம். உரிமக்காரர்களுக்கும் ஒன்று: பலகையே இல்லாவிட்டாலும் கடைக்காரர் வாயால் சொன்னால் போதும். பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் வெளியேறாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம்.

ஹூஸ்டன்: ஓட்டலில் துப்பாக்கிப் படம் மட்டும்...

மேலே பாருங்கள். ஆனால் சிவப்பில் பெரிதாக 51% என்று இருந்தால் திரும்பி நடையைக் கட்டுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிற இடம் அது. அங்கே நுழைவது அபராதத்தோடு முடியாது.

டாலஸ்: ஸ்டேட் ஃபேர் (மாநிலத்தின் ஆண்டுத் திருவிழா) நடப்பது நகராட்சி நிலத்தில். அரசு இடத்தில் உரிமக்காரரைத் தடுக்கக் கூடாது என்கிறது சட்டம். பிறகு எப்படித் தடுத்தார்கள்?

நல்ல கேள்வி. அரசு அமைப்பு தன் இடத்தில் தவறாகப் பலகை வைத்தால் முதல் நாளுக்கே 1,000 முதல் 1,500 டாலர் அபராதம் என்பது உண்மை. ஆனால் ஃபேரை நடத்துவது ஃபேர் பார்க் என்ற அந்த நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த தனியார் அமைப்பு. 2023-இல் அங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. 2024-இல் தடை போட்டார்கள். மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார். தொடக்கத்துக்கு முந்தைய நாள் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

டாலஸ் (மறுபடியும்): வாடகைக்கு விட்டால் சட்டம் மாறிவிடுமா? நாளைக்கு நூலகத்தையும் குத்தகைக்கு விட்டுத் தடை போடுவார்களே!

நியாயமான பயம்தான். ஆனால் குத்தகைதாரர் தானாகத் தடுப்பது வேறு, நகராட்சி அவரைத் தூண்டித் தடுப்பது வேறு. 2016-இல் பாக்ஸ்டன் அலுவலகமே குத்தகைதாரர் தடுக்கலாம் என்று கருத்துச் சொல்லியிருந்தது. 2024-இல் அதைத் திரும்பப் பெற்றார். அவரே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார், நீங்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள். உச்ச நீதிமன்றம் மறுத்தது அவசரத் தடையைத்தான், கேள்வியை முழுசாக முடிக்கவில்லை. போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஃபிரிஸ்கோ: எச்1பி விசாவில் இருக்கிறேன். உரிமம் எடுக்கலாமா?

பலகையைப் பற்றிக் கவலைப்படும் முன் கூட்டாட்சிச் சட்டத்தைப் பாருங்கள்: உங்கள் வகை விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. குடியேற்ற வக்கீலிடம் போங்கள். நண்பர் சொன்னார் என்று வாங்கிவிடாதீர்கள்.

ஆஸ்டின்: தேவாலயம், கோவில்?

2019 செப்டம்பரிலிருந்து மற்ற தனியார் இடங்களைப் போலத்தான்: பலகையோ வாய்ச்சொல்லோ இருந்தால் கூடாது. பள்ளிக் கட்டடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பலகையே தேவையில்லை, சட்டமே தடை.

கேட்டி: கதவில் துப்பாக்கிப் படம் மட்டும் இருந்தால்?

இர்விங்குக்குச் சொன்ன பதில்தான். வாயால் சொன்னால் கிளம்பிவிடுங்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.