ஒரே குரோவேஷியக் குடும்பப் பெயர் பழைய பதிவேடுகளில் ஏன் விதவிதமாக எழுதப்பட்டிருக்கிறது? அதை எப்படி உச்சரிப்பது?

நியூசிலாந்தில் என்னோடு வேலை பார்த்தவரின் கொள்ளுத்தாத்தா, குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையிலிருந்து கௌரி மரப் பிசின் தோண்ட வந்தவர். ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவரைத் தேட நானும் கூட உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஒன்றும் அகப்படவில்லை. காரணம் அற்பமானது. நாங்கள் தேடிய முதலெழுத்தே தப்பு.

குரோவேஷிய மொழியில் 'ஜே' என்ற எழுத்துக்கு யகர ஒலி. 'யூரிச்' என்ற பெயரை ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ஜூரிக்' ஆக்கிவிடுவார்கள். வெறும் 'சி' என்றால் 'த்ஸ்'. அதன் தலையில் கொக்கி இருந்தால் அழுத்தமான 'ச்', சாய்கோடு இருந்தால் மெல்லிய 'ச்'. கால்பந்து வீரர் மோட்ரிச்சின் கடைசி எழுத்து இந்த மெல்லியதுதான். (தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ச்'தான், நமக்குக் கவலை இல்லை.) கடல் தாண்டினால் அந்தக் கோடு உதிர்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஒயின் தயாரித்த மைக் கிர்கிச் கோட்டுக்குப் பதில் ஒரு 'ஹெச்' சேர்த்துக்கொண்டார். சிலியின் அதிபராக இருந்த காப்ரியேல் போரிச்சின் பெயரில் கோடும் இல்லை, 'ஹெச்'சும் இல்லை. ஆனாலும் 'ச்' என்றுதான் சொல்கிறார்கள்.

இது வெளிநாடு போன பிறகு நடந்தது. ஊர்ப் பதிவேட்டிலேயே இதைவிடப் பெரிய குழப்பம் உண்டு. இன்றைய எழுத்துமுறைக்கு அடிப்படை, 1830இல் லியுதேவித் காய் வெளியிட்ட சிறு நூல். அதற்கு முன்பும், பல இடங்களில் அதற்குப் பின்பும், எழுதியவருக்குப் பழகிய மொழிதான் எழுத்தைத் தீர்மானித்தது. வெனிஸ் ஆண்ட கடற்கரையில் இத்தாலிய முறை, வடக்கே ஹங்கேரிய முறை. வரலாற்றாசிரியர் ஷிமே லியூபிச்சின் பெயர் இன்று 'எல் ஜே' என்று தொடங்கும். டால்மேஷியப் பிரமுகர்களைப் பற்றி 1856இல் அவர் இத்தாலிய மொழியில் எழுதிய அகராதியில் அதே பெயர் 'ஜி எல்' என்று தொடங்கும். 'எல்' வரிசையில் தேடினால் கிடைப்பாரா? அதேபோல 'என் ஜே' (நம்முடைய 'ஞ்'தான்) இத்தாலிய முறையில் 'ஜி என்' ஆகும். கொக்கி போட்ட 'இசட்', பழைய டால்மேஷிய ஏடுகளில் 'எக்ஸ்' ஆகவும் வரும். வடமேற்கே உள்ள இஸ்திரியா தீபகற்பம் என்றால் கூடுதல் தலைவலி: அப்போது அதை ஆண்ட இத்தாலிய அரசு 1927 முதல் குடும்பப் பெயர்களையே அரசாணை போட்டு மாற்றியது.

அதனால் பெயரை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒலியை ஓர் இத்தாலியக் காதோ லத்தீன் படித்த பாதிரியாரோ எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். முதற்பெயரும் மாறும்: யூராய் என்பவர் லத்தீனில் கியோர்கியுஸ். ஊரில் பல வீட்டுக்கு ஒரே குடும்பப் பெயர் என்றால், வீட்டுப் பட்டப்பெயர் தெரிந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

எங்கள் ஆள் கடைசியில் 'ஐ' வரிசையில் இருந்தார். லத்தீனில் எழுதிய பாதிரியார் 'ஜே'க்குப் பதில் 'ஐ' போட்டிருந்தார். நண்பர் இன்னும் தன் பெயரை ஜகரத்தில்தான் சொல்கிறார். அவர் மகள் மட்டும் யகரத்துக்கு மாறிவிட்டாள்.