மூன்று லட்ச ரூபாய் ஹெட்செட் நம்ம ஏரியாவில் போணியாகுமா?

வாங்க வேண்டாம். எம்.சி. ரோடு மொபைல் கடையில் ஆப்பிள் விஷன் ப்ரோவை (கண்ணை மூடி மாட்டிக்கொண்டு உள்ளே திரை பார்க்கும் ஹெட்செட்) வைத்து, பத்து நிமிடத்துக்கு 200 ரூபாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்ட முதல் திரும்பாது.

விலை மட்டும் காரணம் இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்த அந்தச் சாமான், ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி: முகத்தை ஸ்கேன் செய்துதான் முகத்தில் பதியும் மெத்தைக்கு அளவு தருவார்கள், கண்ணாடி போடுபவருக்குத் தனி லென்ஸ், ஆள் மாறினால் அவர் கண்ணையும் கையையும் அதற்கு மறுபடி பழக்க வேண்டும், உங்கள் பத்து நிமிடத்தில் பாதி அதிலேயே போய்விடும். எடை 600 கிராமுக்குக் குறையாது. ஒயரில் தொங்கும் பேட்டரி இரண்டு மணி நேரம்தான். மே மாத வியர்வையில் நாலாவது ஆள் அந்த மெத்தையை முகத்தில் வைப்பாரா?

இன்னும் ஆசை இருந்தால், பணம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஞாயிறு சாயங்காலம் துணி எடுக்க வரும் கூட்டம் பார்க்கிற மாதிரி, 'விஷன் ப்ரோ விரைவில், பத்து நிமிடம் 200 ரூபாய்' என்று ஒரு போர்டு மாட்டுங்கள். எத்தனை பேர் எப்போது என்று கேட்கிறார்கள், எத்தனை பேர் "சும்மா காட்டுவீங்களாண்ணா" என்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

அப்புறம், விளையாட்டுக்கு மட்டும் என்றால் 2023இல் 499 டாலருக்கு வந்த மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் கணக்கு வேறு. ஆனால் எதுவானாலும் வெளிநாட்டிலிருந்து ஆள் மூலம் வரவழைத்தால், ரிப்பேர் வந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.